மஞ்சள் படாத அறுபத்து மூன்று

அருளம்பலம் அண்ணை வாழ்நாளில் ஒரு லொத்தர் சீட்டுக்கூட வாங்கியதில்லை. ஆனால் பலெர்மோ நகரின் ஒரேத்தோத் தெருவில் அவர் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில், சாமிப் படங்களுக்குக் கீழே உள்ள இழுப்பறையில், சூதாட்ட மண்டபங்களின் வில்லைகள் அறுபத்து மூன்று இருந்தன. காசுக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடுவார்களே, அந்த வட்ட வில்லைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பஞ்சில் பொதிந்து, மருந்துக் குளிசைப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன.

அந்த வீட்டின் பின்னறையில்தான் நான் குடியிருக்கிறேன். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தேன். பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு பலெர்மோவரை கொண்டுவந்திருக்கிறேன். அதை அண்ணைதான் தன் கையால் ஆணியடித்துச் சுவரில் மாட்டினார். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், எங்கடை வீட்டிலை ஒரு பட்டதாரி இருக்கிறார் என்று சொல்லுவார். நான் பீட்சாக் கடையில் கோப்பை கழுவுவதை அந்த வசனத்தோடு சேர்த்துச் சொல்லமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் அந்தப் பட்டத்துக்கும் பங்கு உண்டு.

அண்ணைக்கு ஐம்பத்தொன்பது வயது. பதினான்கு வருடங்கள், பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் ஒரே வீட்டில், ஒரே மனிதரைப் பராமரித்தவர். அந்த மனிதர் துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரை ‘இன்ஜென்யேரே’ என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணையும் அப்படித்தான். மனைவி இல்லை. ஒரே மகள் பொலோஞ்ஞாவில். அவர் அறுபது வருடங்களாகச் சேர்த்த வில்லைகள் ஆயிரத்துக்கு மேல், ஒரு அறை முழுக்க மரத்தட்டுகளில் கிடந்தன. தட்டில் குழி குழியாகச் செதுக்கியிருக்கும். ஒரு குழிக்கு ஒரு வில்லை. அதன் அடியில் ஒரு கடதாசித் துண்டு: எந்த மண்டபம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது.

துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் வேலையாட்கள்தான் அவருக்கு முதல் வில்லைகளைக் கொடுத்தவர்களாம். பிறகு தபாலில் மாற்றிக்கொண்டார். பலெர்மோவில் ஒருகாலத்தில் இப்படி ஐந்து பேர் இருந்தார்கள். ஞாயிறு காலைகளில் அவருடைய வீட்டில் கூடுவார்கள். விற்பது வாங்குவது கிடையாது, மாற்றுவது மட்டும்தான். அண்ணை கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நிற்பார். சில வருடங்களில் அவருக்கும் ஒரு கதிரை போட்டார்கள்.

அண்ணை இவற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். பழைய வில்லைகள் களிமண் கலந்தவை, பொன்னெழுத்து பதித்தவை, சிலது சிப்பியால் செய்தவை. மண்டபம் மூடினாலோ வடிவத்தை மாற்றினாலோ பழையவற்றை அரைத்துக் கொட்டிவிடுவார்கள். யாரோ ஒருவர் காசாக்க மறந்து பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனதுதான் மிஞ்சும். ஆகவே உலகத்தில் சேர்த்துவைத்திருக்கிற வில்லை எல்லாமே, யாரோ திருப்பிக் கொடுக்காமல் விட்டவைதான் என்று இன்ஜென்யேரே சொல்லிச் சிரிப்பாராம். இப்போது வில்லைக்குள்ளேயே மின்சில்லு வைக்கிறார்கள், வாசலைத் தாண்டினால் செத்துவிடும். இனி வருவது திரையும் அட்டையும்தான். வருங்காலத்தில் சேர்க்கிறவன் எதைச் சேர்ப்பான், கடவுச்சொல்லையா என்று கேட்பாராம்.

நத்தாருக்கு ஒன்று, உயிர்த்த ஞாயிறுக்கு ஒன்று, அண்ணையின் பிறந்த நாளுக்கு ஒன்று. முழங்காலில் அறுவை செய்து அண்ணை படுத்திருந்தபோது இரண்டு. வேறு காரணங்களுக்கும் வருடத்தில் ஒன்றிரண்டு. இப்படித்தான் அறுபத்து மூன்றும் வந்தன. ஒன்றைக் கொடுத்தால் இன்ஜென்யேரே அந்தக் குழியை நிரப்பமாட்டார். அதில் ஒரு துண்டு எழுதி வைப்பார்: அருளுக்கு, இன்ன நாள், இன்ன காரணம். நீ இல்லாவிட்டாலும் இந்தக் குழி உன்னுடையது என்பாராம்.

நல்லூர்த் திருவிழாவை இங்கே நாங்கள் கொண்டாடிய ஒருநாள், என்னோடு வேலைசெய்யும் டினேஷ் வீட்டுக்கு வந்து இழுப்பறையைக் கண்டுவிட்டான்.

“அண்ணை, ஆளைப் பாத்தால் விபூதி. லாச்சியைத் திறந்தால் லாஸ் வேகாஸ்.”

அண்ணைக்குக் கோபம் வரவில்லை. ஒரு வில்லையை எடுத்து டினேஷின் உள்ளங்கையில் வைத்தார். “சூதாடுறவன்ரை கையிலை இது ஒரு ராவும் தங்காது, தம்பி. உடனை காசாக்கிப்போடுவான். தங்கியிருக்கெண்டால் அவன் சூதாடேல்லை எண்டு அர்த்தம்.”

ஏப்ரல் கடைசியில் இன்ஜென்யேரே இறந்துபோனார். மடியில் ஒரு தட்டு இருக்க, கதிரையிலேயே போய்விட்டார். மகள் சினோரா லுக்றேசியா வந்து, தேவாலயத்தில் செய்யவேண்டியதைச் செய்து அடக்கம் பண்ணினார். திரும்பிப் போகும்போது வீட்டுத் திறப்பை அண்ணையிடம் கொடுத்து, ஜூனில் வருவேன், அதற்குள் வீடு முழுவதையும் சுத்தம் செய்து வை, ஒரு மூலை விடாதே என்றார்.

அண்ணை ஒரு மூலை விடவில்லை.

அங்கேதான் எல்லாம் பிழைத்தது. இன்ஜென்யேரேயின் முதல் கட்டளை, வில்லையில் தண்ணீர் படக்கூடாது என்பது. காய்ந்த தூரிகையால் தூசு தட்டலாம், அவ்வளவுதான். பதினான்கு வருடம் அண்ணை அப்படியே செய்தார். ஆனால் செத்தவருடைய மடியில் இருந்த தட்டு அது, சாவுத் துடக்குப் பட்டது. அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய யாரும் இல்லை. முப்பத்தோராம் நாள் அண்ணை விரதமிருந்து, பல்லரோச் சந்தையில் வங்காளிக் கடையில் ஒரு கிலோ மஞ்சள் வாங்கிக்கொண்டு போனார். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிறகு குளியல் தொட்டியை நிரப்பி, மஞ்சளைக் கரைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வில்லைகளையும் தட்டுத் தட்டாகக் கழுவினார். இரண்டு நாள் வேலை. துண்டுகளும் செத்தவர் கைபட்டவைதானே என்று அவற்றுக்கும் தெளித்தார். மை கரைந்து ஓடியது. நீலமும் மஞ்சளுமாகக் கூழாய்ப்போன கடதாசிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டார்.

அந்தத் துண்டுகளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாதென்றில்லை. நான் பிறகு கேட்டேன், ஒரு யோசனையும் வரவில்லையா என்று.

“அவர் உயிரோடை இருக்கேக்கை அவரின்ரை சட்டம். செத்தாப்பிறகு துடக்குக் கழிக்கிறது எங்கடை சட்டம். தேப்பனுக்கு மகன் செய்யிறதுக்கு ரசீது பாத்துக்கொண்டிருக்கிறதே?”

தன் வீட்டு இழுப்பறையில் இருந்த அறுபத்து மூன்றை மட்டும் அவர் கழுவவில்லை. அவை உயிருள்ள கையால் கிடைத்தவை. அவற்றுக்குத் துடக்கு இல்லை.

ஜூன் முதல் கிழமை சினோரா வந்தார். மிலானோவிலிருந்து ஒரு வியாபாரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வியாபாரி முதல் தட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இரண்டாம் தட்டைத் திறந்தார். வெள்ளை வில்லைகள் எல்லாம் பழுத்த மாம்பழத் தோல்போல இருந்தன. சிப்பி வில்லைகளின் கீறல்களுக்குள் மஞ்சள் கோடு கோடாக இறங்கியிருந்தது. பொன்னெழுத்துகள் பலவற்றில் உரிந்துவிட்டன. துண்டு இல்லை, பெயர் இல்லை, ஆண்டு இல்லை. இதற்கு ஒரு விலையும் கிடையாது என்று வியாபாரி கைகளைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை குழிகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று கேட்டார்.

சினோராவின் முகம் வாடியதை அண்ணையால் பொறுக்க முடியவில்லை. அவரை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் சொன்னார்: கவலைப்படாதீர்கள், அறுபத்து மூன்று பழுதுபடாமல் இருக்கின்றன, என் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேட்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருந்த ஆயிரமும் நாசம். கழுவியவன் இவன். நல்லவை மட்டும் இவன் வீட்டில். யார் கொடுத்தது என்ற துண்டுகள் குப்பையில். உங்கள் அப்பா தந்தவை என்று அண்ணை சொன்னபோதும் சினோரா சத்தம் போடவில்லை. திறப்பை மட்டும் திருப்பிக் கேட்டார்.

அன்று மாலை அண்ணை வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குசினியில் நின்றார். அவருடைய மனைவி விமலராணி அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அது ஆறிப்போனது.

லிபெர்த்தாவில் எங்களுடைய ஆட்கள் வேலை எடுப்பது விண்ணப்பத்தால் அல்ல. ஒரு சினோரா இன்னொரு சினோராவுக்குச் சொல்லுவார், வாசல்காவலர் அடுத்த வாசல்காவலருக்குச் சொல்லுவார். அதே தெருவில் ஒரு நொத்தாரிசு வீட்டில் யூலை முதலாம் திகதி தொடக்கம் அண்ணைக்கு வேலை பேசியிருந்தது. பக்கவாதம் வந்த தகப்பனைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சினோரா லுக்றேசியாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். அக்கா துடைக்கும் இரண்டு வீடுகளும் அதே தெரு. அந்த ஒரு வார்த்தையில்தான் இரண்டு பேரின் பிழைப்பும் தொங்கியது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவும் வேலை வேண்டும்.

“கள்ளனெண்டு சொல்லிப்போடுவா, தம்பி,” என்றார் அண்ணை. “அந்தச் சொல்லு தெருவுக்கு வந்தால் பிறகு நான் அந்தத் தெருவாலை நடக்கேலாது.”

சாட்சி தேடினோம். ஞாயிறு காலைக்காரர் ஐந்து பேரில் நால்வர் இல்லை. மிஞ்சியவர் ஒரு பழைய வழக்கறிஞர், மொந்தெல்லோப் பக்கம் முதியோர் இல்லம் ஒன்றில். பேருந்தில் நானும் அண்ணையும் போனோம். அண்ணை வெள்ளைச் சேர்ட் போட்டு, ஒரு வில்லையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தார்.

வழக்கறிஞர் சக்கர நாற்காலியில் யன்னலோரமாக இருந்தார். அண்ணை வணக்கம் சொல்லிப் பெயரைச் சொன்னார். அவர் தலையாட்டினார், ஆனால் பார்வை அண்ணையிடம் நிற்கவில்லை. அப்போது அண்ணை வில்லையை எடுத்து அவர் கையில் வைத்தார். கிழவரின் முதுகு நிமிர்ந்துவிட்டது. விரல்நுனியால் விளிம்பைத் தடவினார். தாவோர்மினா மண்டபம் என்றார். அறுபதுகளில் மூடிவிட்டார்கள் என்றார். இந்த விளிம்பில் எட்டுக் கோடு இருந்தால் முதல் வார்ப்பு, ஆறு என்றால் இரண்டாவது, இது ஆறு. இன்ஜென்யேரே இதற்காக என்னிடம் மூன்று கப்பல் வில்லை தந்தான், ஏமாளி. பத்து நிமிடம் தடங்கலில்லாமல் கதைத்தார். அண்ணையின் கண் கிழவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்தது. இதோ, நினைவு இருக்கிறது என்பதுபோல.

அண்ணை குனிந்து கேட்டார்: இதை இன்ஜென்யேரே பிறகு யாருக்குக் கொடுத்தார்? நீங்கள் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள்.

கிழவர் வில்லையை ஒருதரம் திருப்பினார். “தெரியாது,” என்றார். பிறகு அண்ணையை முதன்முறையாக உற்றுப் பார்த்து, மிகவும் மரியாதையாக, நீங்கள் இங்கே புதிதாக வந்த தாதியா என்று கேட்டார்.

எட்டு வருடம் அவருக்குக் கோப்பி ஊற்றியவர் அண்ணை. இரண்டு சீனி, பால் இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அதை மட்டும்தான் சொன்னார். “ரெண்டு சீனி, பாலில்லை.”

அடுத்த ஞாயிறு அக்கா நேர்த்தி வைத்து, இந்த நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்குச் செருப்பில்லாமல் ஏறினா. நான் வீட்டில் இருந்து யோசித்தேன். படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தும் இவர்கள் கல்லில் நடக்கிறார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் பட்டது: மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. அதை நான் ஆய்வுகூடத்தில் கண்ணால் கண்டவன். பலெர்மோவின் ஜூன் வெயிலுக்கு இரண்டு கிழமை போதும்.

சினோராவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டேன். ஒரு நாள் முழுக்க இருந்து எழுதிய இத்தாலியன். சினோரா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: வில்லைகள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, பல்கனியில்தான் காயவேண்டும், வாசல்காவலர் கூட இருக்கவேண்டும்.

பதினான்கு நாள். காலை ஏழு மணிக்கு அண்ணை போவார். பல்கனி முழுக்க வெள்ளைத் துணி விரித்து, நெல் பரப்புவது போலில்லாமல் ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று தொடாமல் வைப்பார். மணிக்கு ஒருதரம் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்புவார். திருப்பி முடிக்க அடுத்த மணி வந்துவிடும். வாசல்காவலர் நிழலில் கதிரை போட்டு அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பதினான்கு வருடம் ‘அருள், அருள்’ என்று கூப்பிட்டு கோப்பி குடித்த அதே மனிதர்தான். மாலையில் அண்ணை போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லுவாராம். அண்ணை அவர் கேட்குமுன்பே திறந்து காட்டிவிடுவார்.

மஞ்சள் போனது. என் கணக்குப் பிழைக்கவில்லை. முழுக்கவும் அல்ல, சிப்பிகளில் கொஞ்சம் நின்றது. ஆனால் வியாபாரி தொலைபேசியில் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்லலாம் என்றாராம். அண்ணையின் கழுத்தும் கைகளும் கருகிப்போயிருந்தன, ஆனால் அன்று மூன்று கிழமைக்குப் பிறகு முதல்தரம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் சினோரா தொலைபேசி எடுத்தார். வெயிலைப் பற்றி நன்றி சொன்னார். பிறகு அந்த அறுபத்து மூன்றைப் பற்றிக் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைத்தான் பார்த்தார் என்று எனக்கு இப்போது படுகிறது. “நீ படிச்சனீ. என்ன செய்ய?”

நான் யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். “குடுத்துவிடுங்கோ அண்ணை. ஆசைப்பட்டவனெண்டால் திருப்பிக் குடுப்பானே? உங்கடை கை சுத்தமெண்டு அவவுக்கு அப்பதான் விளங்கும்.”

எங்கள் ஊரில் அது உண்மை. பழி சொன்னவன் முன்னால் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால், வெட்கப்படவேண்டியவன் அவன். பொருள் தூசு, மானம் பெரிது என்று காட்டியாயிற்று. நானும் அண்ணையும் அக்காவும் மூவருமே அதை அப்படித்தான் விளங்கிக்கொண்டோம். ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை.

குளிசைப் பெட்டிகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணி மூடி அண்ணை கொண்டுபோனார். நானும் போனேன். அறுபத்து மூன்று என்றார். சினோரா திறந்து பார்க்கவில்லை. பெட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அண்ணையின் கையைப் பிடித்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. இதை நீங்கள் செய்திருக்கத் தேவையில்லை, பெரிய மனது வேண்டும் என்றார். நாங்கள் படியிறங்கும்போது, பாத்தீங்களோ என்று நான் சொன்னேன்.

யூலை முதலாம் திகதி வந்தது. நொத்தாரிசு வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா தான் துடைக்கும் வீட்டுப் படியில் வைத்து வாசல்காவலரிடமிருந்து கேட்டுக்கொண்டு வந்தா. நொத்தாரிசின் மனைவி விசாரித்தபோது சினோரா லுக்றேசியா மிக நல்லபடியாகத்தான் சொன்னாராம். வேலை சுத்தம், அப்பாவை மகன்போலப் பார்த்தவர். எடுத்ததையெல்லாம் கேட்டவுடனே ஒன்றுவிடாமல் திருப்பித் தந்துவிட்டார், அந்த அளவுக்கு நேர்மை.

அக்கா அதை இத்தாலியனில் அப்படியே சொன்னா, பிறகு தமிழில் ஒருதரம் சொன்னா, பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. சினோரா பொய் சொல்லவில்லை, கோபத்திலும் சொல்லவில்லை. எங்களுக்கு மானமாகத் தெரிந்தது அவருக்குப் பாவசங்கீர்த்தனமாகத் தெரிந்தது. அதை அவர் மன்னித்தும்விட்டார். மன்னித்ததைப் போய் எந்த அலுவலகத்தில் மறுப்பது? நான் இன்னொரு கடிதம் எழுதினேன், நாலு பக்கம். அதற்குப் பதில் வரவில்லை. செப்டம்பரில் அக்காவின் இரண்டு வீடுகளில் ஒன்று நின்றுபோனது. காரணம் சொல்லவில்லை.

அண்ணை இப்போது பல்லரோவில் ஒரு மீன்கடையில் தட்டுக் கழுவுகிறார். காலை ஐந்து மணிக்குப் போகவேண்டும். பெர்மெஸ்ஸோவுக்கு அந்த வேலையைக் காட்ட முடியுமா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை.

போன கிழமை, வேலைக்குப் போகும் வழியில் நான் அங்கே நின்றேன். கடை அடைக்கும் நேரம். அண்ணை ஐஸ்தண்ணீரில் மரத்துப்போன கைகளை ஏப்ரனில் துடைத்துவிட்டு, என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். சுற்றிவரப் பார்த்தார். பிறகு பேர்ஸைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தார். சிவப்பு வில்லை. ஒரு கப்பலுடையது. பெயர் பாதி தேய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. இன்ஜென்யேரே முதல் நத்தாருக்குக் கொடுத்தது.

“ஒண்டை வைச்சிட்டன், தம்பி.”

நான் அந்த வெடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“பெட்டிக்குள்ளை அறுபத்திரண்டுதான். அவ எண்ணேல்லை. நான் அறுபத்து மூண்டெண்டு சொன்னன், நம்பினவ.”

“அது உங்கடைதானே அண்ணை.”

“ஓம், என்ரைதான். ஆனா ஒளிச்செல்லோ வைச்சிருக்கிறன். விமலராணிக்கும் தெரியாது.” அவர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எடுக்காத அறுபத்து மூண்டுக்குக் கள்ளன் எண்டாச்சு. இந்த ஒண்டை மட்டும் மெய்யாய்க் களவெடுத்திருக்கிறன். நீதான் சொல்லு, நீ படிச்சனீ. இதை இனி எங்கை வைக்கிறது?”

முன்பக்கம் யாரோ முதலாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணை திடுக்கிட்டு, வில்லையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.